அடுக்குமாடி வைஃபையும் காற்றில் நடக்கும் நெரிசலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தளத்துக்கு நான்கு வீடு, மூன்று தளம் என்று கட்டிய சாதாரணச் சென்னை அடுக்குமாடியில் இன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு ரௌட்டர் இருக்கும். பக்கத்துக் கட்டடம் பத்தடி தள்ளி நிற்கும். அங்கேயும் அதே கணக்கு. போன், டிவி, லேப்டாப், கேட் கேமரா, புளூடூத் இயர்போன் எல்லாம் பகிர்ந்துகொள்வது பெரும்பாலும் ஒரே அலைவரிசைப் பட்டையைத்தான். இவை எப்படி முறை வைத்துக்கொள்கின்றன, எங்கே தடுமாறுகின்றன, நம்மால் என்ன செய்ய முடியும் என்று வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரம்பூர் பக்கத்து நண்பர்களும் அசோசியேஷன்காரர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சிக்னல் முழுசாகக் காட்டுகிறது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

அந்தக் கோடுகள், ரௌட்டர் அனுப்புவது உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்லும். ரௌட்டர் பேசும் சேனல், அதாவது பட்டையில் அது எடுத்துக்கொண்ட துண்டு, ஒரு நொடியில் எவ்வளவு நேரம் காலியாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. உங்கள் வீடியோவுக்கு வேண்டியது அந்தக் காலி நேரம். ஒரே சேனலில், ஒருவருக்கொருவர் கேட்கும் தூரத்தில் இருக்கும் கருவிகளில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் அனுப்ப முடியும். ஒன்பது மணிக்கு எல்லா வீட்டிலும் டிவி ஓடுகிறது, பிள்ளைகள் போனில் இருக்கிறார்கள், யாரோ அமெரிக்காவிலிருக்கும் மகளோடு வீடியோவில் பேசுகிறார்கள். எல்லோருக்கும் பங்கு போக மீதிதான் உங்களுக்கு.

முதலில் ஒரு சோதனை. லேப்டாப்பை கேபிள் போட்டு ரௌட்டரோடு நேராக இணைத்து, அதே ஒன்பது மணிக்கு வேகத்தைப் பாருங்கள். கேபிளிலும் இழுத்தால் கோளாறு லைனில். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் இழுத்தால் கோளாறு காற்றில். இதைப் பார்க்காமலே பிளானை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300க்கு ஏற்றிக்கொள்பவர்கள் நிறைய. காற்றில் நெரிசல் என்றால் அந்தக் காசு வீண்தான்.

இரண்டு கருவிகள் ஒரே சமயத்தில் அனுப்பினால் என்ன ஆகும்?

இரண்டும் கலந்து, வாங்கும் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றும் தேறாது. இரண்டுமே மறுபடி அனுப்ப வேண்டும்.

இந்தப் பிரச்சினையை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்கள் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். தீவுகளுக்கு இடையே கணினித் தகவலை ரேடியோவில் அனுப்ப, நார்மன் ஆப்ராம்சன் குழு 1971இல் அலோஹா என்ற வலையமைப்பை இயக்கியது. விதி ரொம்ப எளிது: தோன்றியபோது அனுப்பு, பதில் வராவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முறையில் சேனலின் மொத்த நேரத்தில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். நேரத்தைச் சமத் துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியதும் அது இரட்டிப்பாகி 36.8 ஆனது. யாரும் யாருக்கும் உத்தரவு போடாமல், ஒரு சின்னக் கட்டுப்பாட்டை எல்லோரும் ஏற்றதாலேயே இரண்டு மடங்கு கிடைத்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது.

அப்படியானால் வைஃபை எப்படி முறை வைக்கிறது?

தலைவர் இல்லாத அசோசியேஷன் கூட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பேச விரும்புகிறவர் முதலில் காது கொடுத்துக் கேட்கிறார். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கிறார். பேச்சு நின்றதும் உடனே பாயாமல், மனசுக்குள் ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு எண்ணி முடித்துப் பேசுகிறார். வேறொருவர் சின்ன எண்ணாக எடுத்திருந்தால் அவர் முந்திக்கொள்வார். இவர் எண்ணுவதை நிறுத்திவைத்து, அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

வைஃபையில் இதெல்லாம் மைக்ரோ நொடிகளில் நடக்கிறது. வீட்டு வைஃபை பெரும்பாலும் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பட்டைகளில். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 34 மைக்ரோ நொடி அமைதியாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கருவியும் 0 முதல் 15 வரை ஏதோ ஒரு எண்ணை எடுத்து, ஒரு எண்ணுக்கு 9 மைக்ரோ நொடி வீதம் எண்ணும். அனுப்பியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து "வந்தது" என்ற சின்னப் பதில் வர வேண்டும். வராவிட்டால் மோதிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறை 0 முதல் 31 வரையில் எண் எடுக்கும். அதுவும் தோற்றால் 63 வரை. இப்படியே 1023 வரை போகும். நெரிசல் கூடக் கூட ஒவ்வொரு கருவியும் தானாகவே பொறுமையைக் கூட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். கூடவே, அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தின் (தகவல் துண்டின்) தலைப்பிலும் "இன்னும் இவ்வளவு நேரம் எனக்கு வேண்டும்" என்ற குறிப்பு இருக்கும். கேட்ட மற்ற கருவிகள் அதுவரை வாய் திறக்காது.

கேபிளில் ஓடும் பழைய ஈதர்நெட், அனுப்பிக்கொண்டே மோதலையும் கவனித்து உடனே நிறுத்திவிடும். வைஃபை ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று கேட்கலாம். சொந்த ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் அலை, தூரத்திலிருந்து வந்து சேரும் அலையைவிட நூறு கோடி மடங்குகூடப் பலமாக இருக்கும். அந்த இரைச்சலில் அடுத்தவருடைய சத்தம் கேட்க வழியில்லை. அதனால்தான் மோதியபின் கண்டுபிடிப்பதைவிட, மோதாமல் தவிர்ப்பதில் இவ்வளவு அக்கறை.

குரல் அழைப்புக்கும் வீடியோவுக்கும் சின்ன எண்களாக எடுக்கச் சலுகையும் உண்டு. ரௌட்டர் அமைப்பில் டபிள்யூஎம்எம் என்று ஒரு தேர்வு இருக்கும், அதை அணைத்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு வைஃபை வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட். அது எப்படி என்னைத் தடுக்கும்?

பெயரும் பாஸ்வேர்டும் உள்ளடக்கத்தைத்தான் பிரிக்கின்றன. காற்றைப் பிரிப்பது சேனல் மட்டுமே. நீங்களும் மாடி வீட்டுக்காரரும் 6ஆம் சேனலில் இருந்தால், அவருடைய டிவி பேசும்போது உங்கள் போன் பேசாமல் இருக்கும். வேறு வேறு கம்பெனி இணைப்பாக இருந்தாலும் இதே கதைதான்.

சரி, 3ஆம் சேனலுக்கு மாறித் தப்பித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அது இன்னும் மோசம். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 3இல் உட்கார்ந்தால் 1இல் இருப்பவர்கள் மேல் பாதியும் 6இல் இருப்பவர்கள் மேல் கால்வாசியும் விழுவீர்கள். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொண்டு முறை விடுவார்கள். இப்படிக் கொஞ்சம் மேலே விழுபவரின் பேச்சு மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல். அந்த இரைச்சல் ரொம்பப் பலமாக இருந்தால்தான் கருவி காத்திருக்கும். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலிது. புரிகிற வைஃபை பேச்சென்றால் மைனஸ் 82 டிபிஎம் அளவுக்கு மெலிதாக இருந்தாலே காத்திருக்கும். புரியாத இரைச்சலென்றால் மைனஸ் 62 வரை கண்டுகொள்ளாது. இரண்டுக்கும் நடுவே 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளியில் விழும் அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே ஒன்றன்மேல் ஒன்று விழாத 1, 6, 11 மூன்றில் ஒன்றை எடுங்கள். கணக்குப்படி 1, 5, 9, 13 என்று நான்காகவும் பிரிக்கலாம். ஆனால் சுற்றிலும் எல்லோரும் 1, 6, 11இல் இருக்கும்போது நீங்கள் மட்டும் 9இல் உட்கார்ந்தால் யாருக்கும் நல்லதில்லை. 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தத் தேர்வை 20க்கு மாற்றிவிடுங்கள்.

சேனலை ஆட்டோவில் விட்டால் போதாதா?

தனி வீட்டில் போதும். அடுக்குமாடியில் பல ரௌட்டர்கள் சேனலைத் தேர்ந்தெடுப்பது மின்சாரம் வந்து எழும் நேரத்தில் மட்டும்தான். மதியம் கரண்ட் போய் வந்தால் இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளின் ரௌட்டர்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து, ஒன்றையொன்று சரியாகப் பார்க்காமலே ஒரே சேனலில் உட்கார்ந்துவிட வாய்ப்புண்டு. ராத்திரி நிலவரம் வேறு. ஒன்பது மணிக்கு வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றில் பார்த்து, கைமுறையாகச் சேனல் வையுங்கள்.

பவரைக் கூட்டினால், பெரிய ஆண்டெனா வைத்தால்?

ரிச்சி தெருவில் போய் நான்கு கொம்பு ரௌட்டர் வாங்கி வருபவர்களைப் பார்க்கிறேன். பவரைக் கூட்டினால் ரௌட்டரின் சத்தம் கூடும், உங்கள் போனின் சத்தம் கூடாது. போனுக்கு ரௌட்டர் கேட்கும், ரௌட்டருக்குப் போன் கேட்காது. கோடுகள் மட்டும் நிறையத் தெரியும். அதோடு, இதுவரை உங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத அடுத்த கட்டடத்துக்காரர்களையும் காத்திருக்க வைப்பீர்கள். அவர்களும் பவரைக் கூட்டினால், பழைய இடத்துக்கே வந்து சேர்வீர்கள், இன்னும் பெரிய கூட்டத்தோடு. அடுக்குமாடியில் பவரைக் குறைப்பதுதான் பல சமயம் சரியான வழி: உங்கள் கூடத்துக்கும் இரண்டு அறைக்கும் போதுமான அளவு.

ரௌட்டரை எங்கே வைக்கிறோம் என்பது இதைவிட முக்கியம். ஃபைபர் இழுக்க வருபவர் வாசல் கதவுக்கு மேலேயோ பரணிலோ மாட்டிவிட்டுப் போவார். பரணில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னாலோ இரும்புப் பீரோவின் மேலோ வைத்தால் எந்த ரௌட்டரும் உருப்படாது. வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள்.

ரிப்பீட்டர் போடலாமா என்றால், ஒரே சேனலில் கேட்டதைத் திரும்பச் சொல்லும் வகை ஒவ்வொரு பொட்டலத்தையும் காற்றில் இரண்டு முறை அனுப்புகிறது. நெரிசலில் அது கூடுதல் சுமை. கேபிள் இழுத்து இரண்டாவது ரௌட்டர் வைப்பது எவ்வளவோ மேல்.

வீட்டில் ஒரே ஒரு பழைய கருவி இருக்கிறது. அது மெதுவாக இருந்தால் மற்றவற்றுக்கு என்ன?

இதைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. வைஃபை முறை வைப்பது பொட்டலக் கணக்கில். நேரக் கணக்கில் இல்லை. 1500 பைட் பொட்டலம் ஒன்றை 54 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப, தலைப்பு போன்றவற்றை விட்டுவிட்டால், 0.22 மில்லி நொடி போதும். அதையே 1 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பினால் 12 மில்லி நொடி. இரண்டு கருவிக்கும் மாறி மாறி ஒரு முறை கிடைக்கிறது என்றால், மெதுவான கருவி கிட்டத்தட்ட மொத்த நேரத்தையும் தின்றுவிடும். வேகமான கருவி மெதுவானதின் வேகத்துக்கே இறங்கிவிடும்.

பழைய கருவிதான் என்றில்லை. தூரத்தில் இருக்கும் புதுக் கருவியும் வேகத்தை இறக்கிக்கொண்டுதான் பேசும். மாடியிலிருக்கும் ரௌட்டரோடு இரண்டு கான்கிரீட் தளம் தாண்டிப் பேசும் கேட் கேமரா, இருபத்து நான்கு மணி நேரமும் மெதுவாக வீடியோ ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த ஒரு கேமராவுக்குக் கேபிள் இழுத்துவிட்டால் மொத்தக் கட்டடமும் மூச்சுவிடும்.

இன்னொன்று, பீக்கன். "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒவ்வொரு ரௌட்டரும் நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவிக்கும். 802.11பி என்ற பழைய வைஃபை தலைமுறைக் கருவிகளுக்கும் புரியட்டும் என்று 2.4இல் இதை 1 எம்பிபிஎஸ்ஸில் அனுப்புவது வழக்கம். ஒரு அறிவிப்பு 300 பைட் என்று வைத்தால் இரண்டரை மில்லி நொடி. நொடிக்குப் பத்து என்றால் 25 மில்லி நொடி. ஒரே சேனலில் இருபது ரௌட்டர் கேட்கிறது என்றால், யாரும் எதுவும் பார்க்காதபோதே பாதி நேரம் போய்விட்டது! விருந்தினர் வைஃபை என்று இன்னொரு பெயர் திறந்தால் அதற்கும் தனி பீக்கன் உண்டு. தேவையில்லாத பெயர்களை மூடுங்கள். ரௌட்டரில் பி, ஜி, என் என்று தலைமுறைத் தேர்வு இருந்தால் பியை எடுத்துவிடுங்கள். 2003க்கு முந்தைய கருவி உங்கள் வீட்டில் இருக்கப் போவதில்லை.

கேமராவும் போனும் தனித்தனியாக நன்றாக வேலை செய்கின்றன. சேர்ந்தால் இரண்டும் தடுமாறுகின்றன. ஏன்?

இரண்டுக்கும் ரௌட்டர் கேட்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று கேட்கவில்லை. நடுவில் லிஃப்ட் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கலாம். காது கொடுத்துப் பார்த்தால் அமைதி; அதனால் இரண்டும் அனுப்பும்; ரௌட்டரில் போய் மோதும். இதற்கு வைஃபையில் ஒரு வழி உண்டு: அனுப்பும் முன் "அனுப்பலாமா" என்று சின்னக் கேள்வி, "அனுப்பு" என்று ரௌட்டரின் பதில். அந்தப் பதில் எல்லோருக்கும் கேட்பதால் மற்றவை ஒதுங்கும். ரௌட்டர் அமைப்பில் ஆர்டிஎஸ் வரம்பு என்று இருக்கும்: எத்தனை பைட்டுக்கு மேற்பட்ட பொட்டலத்துக்கு இப்படிக் கேட்க வேண்டும் என்பது. வழக்கமாக 2347 என்று கிடக்கும், அதாவது நடைமுறையில் அணைத்துவைத்தது போல. 500 அளவுக்கு இறக்கிப் பார்க்கலாம். இந்தத் தொல்லை இல்லாத வீட்டில் இறக்கினால் வீண் செலவு.

புளூடூத், மைக்ரோவேவ் அவன்?

புளூடூத் அதே 2.4 பட்டையில் 79 சின்னச் சேனல்களுக்குள் நொடிக்கு 1600 முறை தாவுகிறது. 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, வைஃபை நிறைந்த சேனல்களைக் கண்டு அவற்றை ஒதுக்கிவிட்டுத் தாவும். நாகரிகமான அண்டை வீட்டுக்காரர். மைக்ரோவேவ் அடுப்பு அப்படியில்லை, அது யார் பேச்சையும் கேட்காது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்புகள் பெரும்பாலானவை நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு பாதிச் சுற்றில் மட்டும் அலை விடுவதால், 10 மில்லி நொடி இரைச்சல், 10 மில்லி நொடி அமைதி என்று மாறி மாறி வரும். அந்த இடைவெளியில் வைஃபை நுழைந்துகொள்ளும். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் கேபிளும் 2.4இல் இரைச்சல் விடும்; வயர்லெஸ் மவுஸ் திக்கினால் அதை நகர்த்தி வையுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் தீர்ந்துவிடுமா?

பெரும்பகுதி தீரும். 2018 அக்டோபரில் இந்தியா இந்தப் பட்டையை விரிவாகத் திறந்துவிட்டது; 20 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இருபதுக்கு மேல் சேனல்கள். சுவரை எளிதில் தாண்டாது என்பது இங்கே குறை இல்லை, வரம். பக்கத்து வீட்டுச் சத்தம் உங்களுக்கு வராது, உங்களுடையது அங்கே போகாது. ஆனால் பலரும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓட்டுகிறார்கள். அப்போது இருபது சேனல் ஐந்தாறாகச் சுருங்கிவிடும். நெருக்கமான கட்டடத்தில் 40 போதும். நடுவில் உள்ள சில சேனல்கள் ரேடாருடன் பகிர்ந்தவை. அவற்றைப் பயன்படுத்தும் ரௌட்டர், ரேடார் சத்தம் காதில் விழுந்தால் வேறு சேனலுக்கு மாறிவிடும். அப்போது சில நொடி இணைப்பு போய் வரும்.

வைஃபை 6, வைஃபை 7 வாங்கலாமா?

வைஃபை 6இல் ரௌட்டர் ஒரு சேனலைத் துண்டுகளாகப் பிரித்து, 20 மெகாஹெர்ட்ஸில் ஒரே சமயத்தில் ஒன்பது கருவிகள் வரை பேச வைக்க முடியும். சின்னச் சின்னப் பொட்டலங்கள் நிறைய இருக்கும்போது நல்ல பலன். ஆனால் போனும் அதே தலைமுறையாக இருக்க வேண்டும்; பக்கத்து வீட்டு ரௌட்டருக்கு உங்கள் ரௌட்டர் உத்தரவு போட முடியாது. வைஃபை 7 இரண்டு பட்டைகளை ஒன்றாகப் பயன்படுத்தும். 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியை உரிமம் இல்லாமல் திறப்பதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. அந்தப் பட்டையில் பழைய வைஃபை கருவி ஒன்றுகூட இல்லை என்பதே அதன் பெரிய பலம்.

மொபைல் டவரில் இந்த அடிதடி இல்லையே?

அங்கே ஏலத்தில் வாங்கிய அலைவரிசை. யார் எப்போது பேசலாம் என்று டவர் மில்லி நொடிக் கணக்கில் பிரித்துக் கொடுக்கும். ஆனாலும் முதன்முதலாக "நானும் இருக்கிறேன்" என்று டவரின் கதவைத் தட்டும் அந்த நொடியில் போன் அலோஹா முறையில்தான் தட்டுகிறது. காணும் பொங்கலன்று மெரினாவில் சிக்னல் இருந்தும் போன் போகாமல் தவிப்பதற்கு, எல்லோரும் ஒன்றாகத் தட்டுவதும் ஒரு காரணம்.

யார்மீதாவது புகார் கொடுக்க முடியுமா?

2.4 பட்டை 2005 ஜனவரியில் உரிமம் இன்றி எல்லோருக்கும் திறக்கப்பட்டது. நிபந்தனை: பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறரால் வரும் இடையூறிலிருந்து பாதுகாப்பும் கேட்கக் கூடாது, யாருக்கும் தனியுரிமை இல்லை. விதிக்குள் ஓடும் பக்கத்து வீட்டு ரௌட்டர்மீது புகாருக்கு இடமில்லை. கோபத்தில் ஜாமர் வாங்கி வைப்பது சட்டப்படி குற்றம்.

கட்டடத்தில் எல்லோரும் சேர்ந்து என்ன செய்யலாம்?

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி இதுதான். இங்கே தனி ஆள் செய்வதைவிட எட்டு வீடு சேர்ந்து செய்வதற்குப் பலன் பல மடங்கு. ஒரு தளத்தில் அடுத்தடுத்த வீடுகள் 1, 6, 11 என்று மாற்றி மாற்றி எடுக்கட்டும். மேல் தளத்தில் அதே வரிசையை ஒரு வீடு தள்ளித் தொடங்குங்கள்; நேர் மேலே நேர் கீழே ஒரே சேனல் வராது. நான்காவது வீட்டுக்கு யாராவது ஒருவரோடு பகிரத்தான் வேண்டும். தொலைவில் இருக்கும் வீட்டின் சேனலைக் கொடுங்கள். எல்லோரும் 2.4இல் பவரை ஒரு படி இறக்கட்டும்.

அப்புறம், நகராத எதையும் காற்றில் விடாதீர்கள். டிவி, கேமரா, மேசைக் கணினி மூன்றுக்கும் கேபிள். ஒரு டிவி கேபிளுக்குப் போனால் அந்தச் சேனலில் எல்லோருக்கும் மணிக்கணக்கில் நேரம் திரும்பக் கிடைக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் சுவரில் துளை போடத் தயங்குவார்கள். கதவு ஓரமாகத் தட்டைக் கேபிள் ஓட்டினால் போதும். பொதுக் கேமராக்களுக்கு அசோசியேஷனே ஒரு முறை வயர் இழுத்துவிடலாம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் யாராவது போய் மாற்றிக் கொடுங்கள். பாஸ்வேர்ட் தெரியாது, எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் அப்படியே விட்டுவைத்திருப்பார்கள்.

மாற்றியது பலித்ததா என்று எப்படிப் பார்ப்பது?

வேகச் சோதனை லைனையும் காற்றையும் கலந்து காட்டும். லேப்டாப்பிலிருந்து உங்கள் ரௌட்டரின் சொந்த முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, நூறு முறை பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சின்னச் செய்தி) அனுப்புங்கள். காற்று காலியாக இருந்தால் பதில் சில மில்லி நொடிகளில் வரும், சீராக வரும். இடையிடையே 100, 200 என்று தாவினால் இன்னும் நெரிசல். மாற்றத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, அதே அறையில், அதே ஒன்பது மணிக்கு. சனி, ஞாயிறு கூட்டம் வேறு என்பதால் அதைத் தனியாகப் பாருங்கள்.